பாக்கெட்டை ஸ்கேன் செய்து மதிப்பெண் சொல்லும் செயலியை நம்பி மளிகை வாங்கலாமா?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு ரத்த அழுத்தம், அம்மாவுக்குச் சர்க்கரை, வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். பிஸ்கட், பிரெட், நூடுல்ஸ் இல்லாமல் மாத மளிகை முடிவதில்லை. பார்கோடை ஸ்கேன் செய்தால் நல்லதா கெட்டதா என்று காட்டும் செயலிகளை நம்பி வாங்கலாமா? வாங்கலாம் என்றால் எப்படிப் பயன்படுத்துவது?

ஒரே வகைப் பொருளில் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு எது பரவாயில்லை என்று பார்க்க, நம்பலாம். பிரெட்டோடு பிரெட், தயிரோடு தயிர் என்ற அளவில் நன்றாகவே வேலை செய்யும். 'இதை அம்மா சாப்பிடலாமா?' என்ற கேள்விக்கு மட்டும் அந்த மதிப்பெண்ணில் விடை கிடையாது. மதிப்பெண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும்.

முதலில் எந்தச் செயலி. தன் கணக்கு முறையை வெளிப்படையாகச் சொல்லாத எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தானே பொருள் விற்கும் செயலி, பணம் கட்டினால்தான் 'நல்ல மாற்று' காட்டும் செயலி, இவற்றையும் தவிர்த்துவிடுங்கள். தொடங்குவதற்கு ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் போதும். 2012ல் பிரான்சில் தொடங்கிய லாப நோக்கற்ற திட்டம் அது. இலவசம், விளம்பரம் கிடையாது, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. தகவல்களை உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்க்கிறார்கள். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். யூகா என்று இன்னொன்று பிரான்சிலும் அமெரிக்காவிலும் மிகப் பிரபலம். அதன் மதிப்பெண்ணில் 60 சதவீதம் சத்து, 30 சதவீதம் சேர்க்கைப் பொருட்கள், 10 சதவீதம் இயற்கை வேளாண்மைச் சான்று. இயற்கை வேளாண்மைச் சர்க்கரையும் சர்க்கரைதான் என்பதால் அந்தப் பத்து சதவீதம் உங்கள் அப்பா அம்மாவுக்கு எந்த விதத்திலும் உதவாது. ஒரு செயலியின் மதிப்பெண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

செயலியை இறக்கியதும் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். பிறகு உணவு விருப்பங்கள் பகுதிக்குப் போனால் உப்பு குறைவு, சர்க்கரை குறைவு, நிறைவுற்ற கொழுப்பு குறைவு, பதப்படுத்தல் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியம் என்று குறிக்கலாம். உங்கள் வீட்டுக்கு உப்பு, சர்க்கரை இரண்டையும் 'மிக முக்கியம்' என்று வையுங்கள். 'கட்டாயம்' என்று வைக்க வேண்டாம். அப்படி வைத்தால் நிபந்தனையில் சற்றுத் தவறும் பொருளும் பொருந்தாத பட்டியலில் போய்விடும், தகவல் இல்லாத பொருள் எந்தப் பக்கமும் சேராமல் நிற்கும். ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

கடையில் செய்ய வேண்டியது எளிது. ஒரே தட்டில் இருக்கும் மூன்று நான்கு பாக்கெட்டுகளை அடுத்தடுத்து ஸ்கேன் செய்துவிட்டு, ஒப்பிடும் பொத்தானைத் தொட்டால் உங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்திக் காட்டும். ஸ்கேன் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் கசங்கிய பாக்கெட்தான் காரணம். பார்கோடு இருக்கும் இடத்தை விரலால் இழுத்துப் பிடித்து, ஒரு சாண் தூரத்தில் போனை வையுங்கள். பளபளக்கும் உறையில் ஃப்ளாஷ் அடித்தால் வெளிச்சம் திரும்பி இன்னும் மோசமாகும். லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். அப்போதும் முடியாவிட்டால் கோடுகளுக்குக் கீழே உள்ள 13 இலக்க எண்ணைத் தேடும் பெட்டியில் தட்டச்சு செய்யலாம். எண் 2ல் தொடங்கினால் முயற்சியை விட்டுவிடுங்கள். அது சூப்பர் மார்க்கெட் தானே எடை போட்டு ஒட்டிய உள்கடை எண், எந்தப் பொதுத் தரவிலும் இருக்காது. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவான எண் என்றுதான் அர்த்தம். பொருள் இந்தியாவில் தயாரானது என்பதற்கு அது சான்று இல்லை.

இனி பொருளின் பக்கத்தில் செயலி காட்டும் ஏ முதல் இ வரையிலான வண்ண எழுத்து. நியூட்ரி ஸ்கோர் என்று பெயர், பிரான்ஸ் 2017ல் ஏற்றுக்கொண்டது. 100 கிராமுக்கு எவ்வளவு என்ற அடிப்படையில் ஆற்றல், சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, உப்பு நான்குக்கும் பாதகப் புள்ளி. நார்ச்சத்து, புரதம், பழம் காய்கறி பருப்புக்குச் சாதகப் புள்ளி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பார்கள். 2023ல் திருத்திய கணக்கின்படி சாதாரணத் திட உணவுக்கு 0 அல்லது அதற்குக் கீழே ஏ, 1 முதல் 2 வரை பி, 3 முதல் 10 வரை சி, 11 முதல் 18 வரை டி, 19ம் அதற்கு மேலும் இ.

ஓர் ஓட்ஸ் பிஸ்கட்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம். 100 கிராமில் 450 கிலோ கலோரி, சர்க்கரை 18 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 6.5 கிராம், சோடியம் 300 மில்லிகிராம், நார்ச்சத்து 6.5 கிராம் என்று வையுங்கள். ஆற்றலுக்கு 5 புள்ளி, சர்க்கரைக்கு 5, கொழுப்புக்கு 6. சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு 0.75 கிராம், அதற்கு 3. மொத்தம் 19. நார்ச்சத்துக்கு 4 கழித்தால் 15, அதாவது டி. பாதகப் புள்ளி 11ஐத் தொட்டுவிட்டால் புரதப் புள்ளியைக் கழிக்க மாட்டார்கள் என்பதால், 'புரதம் நிறைந்தது' என்று முன்பக்கத்தில் எழுதியிருந்தாலும் இந்த பிஸ்கட்டுக்குப் பலன் இல்லை.

இதே பிஸ்கட்டைச் செயலி இ என்று காட்டவும் வாய்ப்பு உண்டு. இந்திய விதிப்படி ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு வகைகள், கொலஸ்ட்ரால், சோடியம் இவற்றை அச்சிட வேண்டும். நார்ச்சத்து கட்டாயம் இல்லை. பல நிறுவனங்கள் போடுவதில்லை. போடாத இடத்தில் செயலி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். 4 புள்ளி கழியாது, 19லேயே நிற்கும். முழு கோதுமை, கேழ்வரகு, கொண்டைக்கடலை சேர்ந்த பொருட்கள் இந்தியத் தரவில் தகுதிக்கு மீறிக் கீழே கிடப்பதற்கு இதுவே பெரிய காரணம். 'நார்ச்சத்து தகவல் இல்லை' என்ற எச்சரிக்கை பொருளின் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத்தை நம்ப வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் ஆபத்தானது. நம் பாக்கெட்டில் இருப்பது சோடியம், மில்லிகிராமில். ஐரோப்பிய வழக்கப்படி செயலி கேட்பது உப்பு, கிராமில். தகவல் சேர்ப்பவர் 300 மில்லிகிராம் சோடியத்தை 0.3 கிராம் உப்பு என்று போட்டுவிட்டால், 3 புள்ளிக்குப் பதில் 1 புள்ளிதான் விழும். நார்ச்சத்து விடுபட்ட அதே பிஸ்கட் 17க்கு இறங்கி டி ஆகிவிடும். இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்து, எழுத்து மட்டும் சரியாக நிற்கும். அப்பாவுக்காகப் பார்க்கும்போது எழுத்தை விட்டுவிட்டு, செயலி காட்டும் உப்பையும் பாக்கெட்டில் உள்ள சோடியத்தையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். சோடியம் மில்லிகிராமை 400ஆல் வகுத்தால் உப்பு கிராம் வரும். 800 என்றால் 2 கிராம். செயலி 0.8 என்று காட்டினால் பதிவு தவறு.

இன்னொன்று, 100 கிராமுக்கான எண்ணும் ஒரு பரிமாறலுக்கான (ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கான) எண்ணும் இடம் மாறிப் பதிவாகியிருப்பது. சோதனை சுலபம். பிஸ்கட், மிக்சர், நூடுல்ஸ் கேக் போன்ற உலர்ந்த பொருள் எதுவும் 100 கிராமுக்கு 300 கிலோ கலோரிக்குக் கீழே வருவது அரிது. செயலி 90, 120 என்று காட்டினால் யாரோ ஒரு பரிமாறலின் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஒரே வேளையில் தீர்க்கும் சிறு பாக்கெட்டில் பாக்கெட்டுக்கான எண்ணை மட்டும் அச்சிட விதி இடம் கொடுப்பதால், பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் இந்தக் குழப்பம் அதிகம்.

பொருளின் புகைப்படத்தையும் பாருங்கள். உறையின் வடிவமைப்பு கையில் இருப்பதோடு பொருந்தாவிட்டால், செய்முறை மாறிய பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை என்று கொள்ளலாம். ஒரே பிராண்டு சிங்கப்பூரில் ஒரு எண்ணெயும் இந்தியாவில் வேறு எண்ணெயும் பயன்படுத்துவது உண்டு. பெயரை வைத்துத் தேடினால் வெளிநாட்டுப் பதிவு முன்னால் வந்து நிற்கும். அதனால் ஸ்கேன் செய்வதே சரி.

அம்மாவின் சர்க்கரைக்கு வருவோம். இங்கேதான் மதிப்பெண் மிகவும் கைவிடும். நியூட்ரி ஸ்கோர் சர்க்கரையைத்தான் எண்ணும், மாவுச்சத்தை எண்ணாது. மைதாவுக்கும் முழு கோதுமைக்கும் அது காணும் வித்தியாசம் நார்ச்சத்து அளவுக்குத்தான், அந்த எண்ணே பல பாக்கெட்டுகளில் இல்லை. சர்க்கரை குறைந்த உப்பு பிஸ்கட்டோ ரஸ்க்கோ பச்சை வண்ணத்தோடு சர்க்கரைக் கட்டத்தில் தேறிவிடும். 100 கிராமில் 70 கிராம் மாவுச்சத்து இருப்பது அந்த வண்ணத்தில் தெரியாது. எனவே அவருக்கு மூன்றைப் பாருங்கள்: மொத்த மாவுச்சத்து, சேர்த்த சர்க்கரை, உட்பொருள் பட்டியலின் முதல் மூன்று பெயர்கள். பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவுக்கு இறங்கும். முதல் பெயர் ரிஃபைண்ட் வீட் ஃப்ளார் என்றிருந்தால் அது மைதா. முன்பக்கத்தில் எவ்வளவு பெரிதாக ஓட்ஸ் படம் இருந்தாலும் அது மைதா பிஸ்கட்தான். ராகி, கம்பு, ஓட்ஸ் என்று பெயரில் சொல்லி விற்றால் அது எத்தனை சதவீதம் என்று பட்டியலில் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும். சிறுதானிய நூடுல்ஸ் வாங்கும் முன் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள். மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்வது. லேபிளின் சர்க்கரைக் கணக்கில் பெரும்பாலும் சேராது, ரத்தச் சர்க்கரையை மட்டும் வேகமாக ஏற்றும். சத்து பானப் பொடிகளிலும் சூப் பாக்கெட்டுகளிலும் அடிக்கடி இருக்கும். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பேரீச்சை சிரப், தேன், வெல்லம் எல்லாம் சேர்த்த சர்க்கரைதான். ஒரே பாக்கெட்டில் இவற்றில் மூன்று இருந்தால், தனித்தனியாக எடை குறைந்து பட்டியலில் கீழே போய்விடும். கூட்டினால் சர்க்கரை முதலிடத்துக்கே வரலாம். பட்டியலை மட்டும் படிக்காமல் சேர்த்த சர்க்கரையின் எண்ணையும் பார்ப்பது அதற்காகத்தான். பாக்கெட்டில் காட்டும் தினசரி சதவீதம் ஒரு நாளுக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற கணக்கில் போட்டது. அது நல்ல உடல்நிலையில் 2,000 கிலோ கலோரி சாப்பிடுபவருக்கான உச்ச வரம்பு. உலக சுகாதார நிறுவனம் அதில் பாதிக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது.

அப்பாவின் விஷயத்தில் செயலி நன்றாகவே உதவும், ஏனென்றால் உப்பு நேரடியாக எண்ணப்படுகிறது. 100 கிராமுக்கு 0.3 கிராமுக்குள் உப்பு என்றால் குறைவு, 1.5 கிராமுக்கு மேல் அதிகம் என்று காட்டும். சோடியத்தில் சொன்னால் 120, 600 மில்லிகிராம். இந்த இரண்டு எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டால் போன் இல்லாமலே பாதி வேலை முடியும். ஒரு நாள் முழுவதற்குமான வரம்பு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. வீட்டுச் சாம்பார், ரசம், பொரியலிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும் என்பதால் பாக்கெட்டுக்கு அதிகம் மிச்சம் இராது. பிரெட் வாயில் உப்பாகத் தெரியாது, ஆனால் 100 கிராமுக்கு 400 முதல் 500 மில்லிகிராம் சோடியம் சாதாரணம். பேக்கிங் சோடாவும் சோடியமே என்பதால் இனிப்பு பிஸ்கட்டிலும் கணிசமாக இருக்கும். நூடுல்ஸில் பெரும்பகுதி மசாலா பொட்டலத்தில் இருக்கிறது. பாதிப் பொட்டலம் போட்டு வெங்காயம், மிளகுத்தூள் சேர்த்தால் நிஜமாகவே குறையும்.

ஊறுகாயும் அப்பளமும் எதை ஸ்கேன் செய்தாலும் சிவப்புதான் காட்டும். அங்கே 100 கிராம் கணக்கு பொருந்தாது, யாரும் 100 கிராம் ஊறுகாய் சாப்பிடுவதில்லை. சாப்பிடும் அளவை வைத்துப் போடுங்கள். 100 கிராமில் 5,000 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருந்தால், 10 கிராம், அதாவது இரண்டு சிறு கரண்டி, 500 மில்லிகிராம். நாள் வரம்பில் கால்பங்கு. நெய், எண்ணெய், வெண்ணெய்க்கும் இதே முறைதான்.

சோடியம் குறைந்த உப்பு பற்றி ஒரு முக்கிய எச்சரிக்கை. அதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். செயலிக்கு அது முன்னேற்றமாகத் தெரியும். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே பாதிக்கும் அளவுக்கு ஆபத்தாகலாம். அப்பாவின் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்காமல் வாங்காதீர்கள்.

எழுத்துக்குப் பக்கத்தில் 1 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். நோவா என்ற வகைப்பாடு, பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மான்டேரோ குழு உருவாக்கியது. 4 என்றால் மிகைப் பதப்படுத்தல். எழுத்து சத்தை அளக்கிறது, எண் தயாரிப்பு முறையைச் சொல்கிறது. வெண்ணெய் எழுத்தில் தோற்று எண்ணில் தேறும், செயற்கை இனிப்பூட்டிய பானம் எண்ணில் தோற்று எழுத்தில் ஓரளவு தேறும். நான் சொல்லும் வரிசை: தினமும் சாப்பிடும் பொருளுக்கு முதலில் எண்ணைப் பாருங்கள், 4ஐத் தவிர்க்க முடியவில்லை என்றால் அந்த 4களுக்குள் எழுத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளுக்குச் சுவையூட்டிய தயிருக்குப் பதில் சாதாத் தயிரும் நறுக்கிய பழமும் கொடுத்தால் இரண்டிலும் தேறிவிடும்.

உட்பொருள் பட்டியலில் சேர்க்கைப் பொருட்களைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 300 வைட்டமின் சி, 330 எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம், 322 லெசித்தின், 500 சோடா உப்பு. எண் இருப்பதாலேயே விஷமாகிவிடாது. கவனிக்கத் தக்கவை 102, 110, 122, 124 போன்ற செயற்கை நிறங்கள். ஐரோப்பாவில் 2010 முதல் இவற்றில் எது சேர்ந்தாலும், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கக்கூடும் என்று உறையிலேயே எச்சரிக்கை போட வேண்டும். பிரவுன் பிரெட்டில் 150 என்று இருந்தால் அது கேரமல் நிறம். பழுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே பதில்.

முன்பக்க வாசகங்களைச் செயலி எடைபோடாது, அது நல்லதுதான். தாவர எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்பது எல்லா பிராண்டுக்கும் பொருந்தும் உண்மை, ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகாது. அடர்கரைசலில் தண்ணீர் கலந்த சாற்றை '100 சதவீதப் பழச்சாறு' என்று விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் வைக்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கும் சொல்லப்பட்டது. அரை முதல் ஐந்து நட்சத்திரம் வரை முன்பக்கத்தில் போடும் வரைவு 2022ல் வந்தது. நியூட்ரி ஸ்கோர் இந்திய பாக்கெட்டில் அச்சாகும் முறை இல்லை, அதனால் செயலி காட்டும் எழுத்தை அரசுச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வாமைக்கும் செயலியை நம்பக் கூடாது. வேர்க்கடலை, பால், கோதுமை எதுவானாலும் கையிலிருக்கும் உறையின் 'கன்டெய்ன்ஸ்' வரிதான் இறுதி.

அரிசி, பருப்பு, காய், மீன், செக்கு எண்ணெய், பக்கத்துக் கடை முறுக்கு, ஈரமாவு, இவை பெரும்பாலும் ஸ்கேன் ஆகாது. முதல் சிலவற்றுக்கு மதிப்பெண்ணே தேவையில்லை, கூடையில் அவை கூடினால் நல்லதுதான். உள்ளூர்ப் பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அதைச் சரிபார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம்.

தரவில் இல்லாத பாக்கெட் கிடைத்தால் நீங்களே சேர்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. முன்பக்கம், உட்பொருள் பட்டியல், சத்து அட்டவணை மூன்றையும் தனித்தனியாக, எழுத்து நேராகவும் நிழல் விழாமலும் படம் எடுங்கள். உட்பொருளைச் செயலி படத்திலிருந்தே படித்துக்கொள்ளும். வளைந்த புட்டி என்றால் எழுத்துகளைத் தவறாகப் படிக்கும், ஒப்பிட்டுத் திருத்துங்கள். அட்டவணையில் 100 கிராமா பரிமாறலா என்ற தேர்வைச் சரியாக வையுங்கள், ஆற்றலைக் கிலோ கலோரிக் கட்டத்தில் போடுங்கள், சோடியத்தை உப்புக் கட்டத்தில் போடுவதானால் 2.5ஆல் பெருக்கிக் கிராமாக்கிப் போடுங்கள். கடைசியில் வகையைக் குறிக்க மறக்க வேண்டாம். பானத்துக்கும் எண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் வெவ்வேறு சூத்திரம் என்பதால், வகை இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் எழுத்து வராது.